எதிர் வீட்டுக்கு விற்ற கார்

பழைய காரை விற்க மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கன்சல்டிங்கில் கொண்டுபோய் நிறுத்துவது. இரண்டு, போட்டோ எடுத்து இணையத்தில் போடுவது. மூன்று, தெரிந்தவருக்கே கொடுத்துவிடுவது. முதல் இரண்டில் பணம் கொஞ்சம் போகும், தூக்கம் போகாது. மூன்றாவதில் பணமும் போகலாம், தூக்கமும் போகலாம், அந்த வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வருவதுகூட நின்றுபோகலாம்!

ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் முதலில் யோசிப்பது அந்த மூன்றாவது வழியைத்தான். "யாரோ எவரோ எடுத்துட்டுப் போறதுக்கு நம்ம ஆளுக்கே குடுத்துடலாமே" என்று ஒரு நினைப்பு. வாங்குகிறவருக்கும் அதே நினைப்பு. "தெரிஞ்ச வண்டி."

திருவெள்ளறையையே எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். புறப்பாட்டில் தாயார் முன்னே போக, பெருமாள் பின்னே வருகிற ஊர். (வீடுகளில் எப்படி என்பது கேட்கக் கூடாத கேள்வி!) இங்கே ஒரு தெருவில் ரிடையர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் முன்பு 4 லட்சம் கொடுத்து வாங்கிய சின்னக் கார் வாசலில் நிற்கிறது. கண் பார்வை முன்போல இல்லை, ராத்திரியில் ஓட்ட முடியவில்லை. எதிர் வீட்டில் அவரிடம் படித்த பையன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

"சார், வண்டியக் குடுக்கப் போறதா கேள்விப்பட்டேன். வெளில குடுத்துடாதீங்க, நானே எடுத்துக்கறேன்."

"உனக்கில்லாததா தம்பி. எடுத்துக்கோ."

"வெல எவ்ளோன்னு சொல்லுங்க சார்."

"நீயே பாத்துக் குடுப்பா."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! சிக்கல் ஆரம்பிப்பதும் இதே இடத்தில்தான்.

முதல் சிக்கல் விலை. காமர்ஸ் படிக்கிற பிள்ளையிடம் கேட்டால் உடனே கால்குலேட்டரை எடுக்கும். வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம், குறையும் மதிப்பு முறையில். 4 லட்சத்துக்கு வாங்கிய கார் பத்து வருடம் கழித்து புத்தகத்தில் சுமார் 78,750 ரூபாய். அது புத்தகம் சொல்வது. சந்தை வேறு சொல்லும். வாத்தியாரின் மனசு மூன்றாவதாக ஒன்று சொல்லும், ஏனென்றால் அந்தக் காரில்தான் மகள் கல்யாணத்துக்குச் சத்திரம் பார்க்கப் போனார்கள். எந்தத் தேய்மானப் பட்டியலிலும் அதற்குக் கலம் கிடையாது.

தெரிந்தவர்கள் இடையில் விலை பேசாமல் விடுவதுதான் பெரிய தப்பு. "பாத்துக் குடு" என்று சொன்னவர் மனசில் ஒரு தொகை இருக்கும். பார்த்துக் கொடுத்தவர் மனசில் வேறு தொகை இருக்கும். இரண்டும் வெளியே வராது. ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ பேச்சில் கோபமாக வரும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. திருச்சியில் இரண்டு கன்சல்டிங்கில் விசாரித்து, இந்த மாதிரி வண்டியை என்ன விலைக்கு எடுப்பார்கள், என்ன விலைக்கு விற்பார்கள் என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1,10,000க்கு எடுத்து 1,35,000க்கு விற்பார்கள் என்று வைத்துக்கொண்டால், நடுவில் இருக்கும் 25,000 கன்சல்டிங்காரரின் பங்கு. எதிர் வீட்டுக்கு விற்கும்போது அந்தப் பங்கு யாருக்கும் போகவில்லை. 1,22,500 என்று விலை வைத்தால் விற்றவருக்கு 12,500 கூட, வாங்கியவருக்கு 12,500 மிச்சம். நட்புக்காக ஒருவர் நஷ்டப்பட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பேரும் லாபத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

(இடையில் ஒரு விஷயம். 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய கார்களுக்கு 18 சதவீதம் என்று சொன்னவுடன் பலர் பதறிவிட்டார்கள். அது ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு, அதுவும் அவர்களுடைய லாபத்தின் மீது. வாத்தியார் தன் சொந்தக் காரை எதிர் வீட்டுக்குக் கொடுப்பதற்கு இல்லை.)

இரண்டாவது சிக்கல்தான் முக்கியமானது. வண்டியில் என்ன கோளாறு?

நம் ஊரில் புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அமெரிக்காவிலோ கோளாறான பழைய காருக்கே 'எலுமிச்சை' என்றுதான் பெயர்! ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் இந்த எலுமிச்சைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001இல் அவருக்கு (இன்னும் இருவரோடு சேர்த்து) நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது ரொம்ப சிம்பிள். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டுக் குறைத்தே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் "இந்த விலைக்கு எதுக்குக் குடுக்கணும்" என்று விலகிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சைதான்.

இதைப் புரிந்துகொள்ள திருவெள்ளறைக்காரர்களுக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். ஊரிலேயே மாற்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது, ஸ்வஸ்திக் வடிவத்தில் வெட்டிய பல்லவர் காலத்துக் கிணறு. நாலு பக்கமும் படிக்கட்டு, ஒவ்வொன்றும் ஒரு திருப்பம் திரும்பி இறங்கும். ஒரு துறையில் குளிப்பவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. தண்ணீர் ஒன்றுதான். பழைய கார் வியாபாரமும் அப்படித்தான். கார் ஒன்று, துறைகள் வேறு.

எதிர் வீட்டுக்காரருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும். வண்டி காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறதா, நாலு பேர் தள்ள வேண்டியிருக்கிறதா என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் கிளட்ச் இன்னும் எத்தனை மாதம் வரும், இடது கதவு ஒரு தடவை இடிபட்டு டிங்கரிங் பண்ணியதா, மழைத் தண்ணீர் உள்ளே புகுந்ததா, இதெல்லாம் வாத்தியாரின் துறையில் மட்டும் தெரிகிற விஷயம்.

இங்கே 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒரு அருமையான காரியம் செய்திருக்கிறது. பி.காம். வணிகச் சட்டத் தாளில் வருகிற 17ஆவது பிரிவு. மோசடி என்றால் என்ன என்பதை அது ஒரு குதிரையை வைத்து விளக்குகிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் அந்நியருக்கு விற்கிறார் ஒருவர், நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது மோசடி இல்லை. அதே குதிரையை, இப்போதுதான் மேஜரான தன் மகளுக்கு விற்கிறார். அப்போது சொல்லியே ஆக வேண்டும், உறவு அப்படி. மூன்றாவதாக, "நீங்க மறுத்துச் சொல்லலேன்னா குதிரை நல்லாருக்குன்னு எடுத்துக்கறேன்" என்று வாங்குபவர் சொல்கிறார், விற்பவர் பேசாமல் இருக்கிறார். அப்போது அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

குதிரை போய் கார் வந்தாலும் கேள்வி அதேதான். எதிர் வீட்டுப் பையன் ஏலத்துக்கு வந்த அந்நியனா, மகளைப் போலவா? சட்டத்தில் அவன் நடுவில் எங்கேயோ நிற்கிறான். ஆனால் "சார் வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்று அவன் சொல்லி, சார் பேசாமல் சிரித்தால்? அது மூன்றாவது குதிரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

அதனால் சொல்லிவிடுவதுதான் வழி. "கிளட்ச் மாத்த வேண்டியிருக்கும்ப்பா, மெக்கானிக்கிட்ட எவ்ளோ ஆகும்னு கேட்டுக்கோ, அத வெலைல கழிச்சுக்கலாம்." இந்த ஒரு வரியில் சில ஆயிரம் ரூபாய் குறையும், வாஸ்தவம். சொல்லாமல் விட்டால், கிளட்ச் போன அன்றைக்கு அந்தப் பையன் காரைத் தள்ளிக்கொண்டு வருவது வாத்தியார் வீட்டு வாசலைத் தாண்டித்தான். அவன் ஒன்றும் கேட்க மாட்டான். கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

மூன்றாவது சிக்கல் பேப்பர். நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் பேப்பர் வேலை தூங்கும். "பேரு மெதுவா மாத்திக்கலாம் சார், இப்ப என்ன அவசரம்" என்பான் பையன். "ஃபாரத்துல கையெழுத்துப் போடு" என்று கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வானோ என்று வாத்தியாருக்குத் தயக்கம். முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் முதல் நாளே மாற்றியிருப்பார்!

தயக்கத்தின் விலை என்ன தெரியுமா? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஒருவர் 2007இல் தன் காரை விற்றுவிட்டார். சாவியும் கொடுத்தார், பேப்பரும் கொடுத்தார். ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை. கார் அடுத்தடுத்துக் கை மாறியது. 2009 மே மாதம் யாரோ ஓட்டி விபத்து, ஒரு உயிர் போனது. நஷ்ட ஈட்டுக்கு யார் பொறுப்பு? கடைசியாக யார் கையில் இருந்ததோ அவர் இல்லை, ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றது கோர்ட். இரண்டு வருடம் முன்பே விற்றவர் பொறுப்பாளி ஆனார். கொடுமை மாதிரித் தெரியும். ஆனால் அடிபட்ட குடும்பம் கார் எத்தனை கை மாறியது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அவர்களுக்குத் தெரிகிற பெயர் ஆர்.சி.யில் இருக்கும் பெயர் ஒன்றுதான்.

இதைத் தவிர்ப்பதற்கான வேலை அதிகமில்லை. ஃபாரம் 29 விற்றதைச் சொல்லும் அறிவிப்பு, ஃபாரம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. லோன் இருந்து அடைத்திருந்தால் பாங்கின் தடையில்லாக் கடிதமும் ஃபாரம் 35ம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றிவிட வேண்டும். அடுத்தவருக்கான பாதுகாப்பு வண்டியோடு போகும்; சொந்த வண்டி சேதத்துக்கான பாதுகாப்பு தானாகப் போகாது. நோ கிளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். அது வாத்தியாரிடமே இருக்கும். பாஸ்டேக்கை மறக்காமல் மூட வேண்டும். இல்லையென்றால் பையன் சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் வாத்தியார் போனில் எஸ்.எம்.எஸ். வரும்!

"நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்" என்று யாராவது சொன்னால், அவரை அந்தக் கிணற்றுக்கே அழைத்துக்கொண்டு போகலாம். ஊரே பார்க்க வெட்டிய கிணறு. யார் வெட்டியது என்பது அன்றைக்கு அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அப்படியும் தந்திவர்ம பல்லவனின் 4ஆவது ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆவது ஆண்டில் முடித்தது, வெட்டியவர் ஆலம்பாக்கத்து விசையநல்லுழானின் தம்பி கம்பன் அரையன் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நம்பாததால் எழுதியது அல்ல. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் இருக்க மாட்டார்கள் என்பதால் எழுதியது. ஆயிரத்து இருநூறு வருடம் கழித்தும் பெயர் நிற்கிறது.

ஆக, எதிர் வீட்டுக்குக் கார் விற்கவே கூடாதா என்றால், தாராளமாக விற்கலாம். விலையை வாய்விட்டுச் சொல்லி, குறையைக் கேட்பதற்கு முன்பே சொல்லி, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, ஒரு வேலை நாளில் இருவரும் அதே காரில் ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் வந்துவிட்டால் முடிந்தது. வருகிற வழியில் காபி செலவு வாங்கியவருடையது.

ஒன்றை மட்டும் எந்த ஃபாரமும் மாற்றாது. ஆர்.சி.யில் பையன் பெயர் ஏறி எத்தனை வருடம் ஆனாலும் தெருவில் அது "சார் வண்டி"தான். ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலி என்றால் "சார் வண்டி இருக்கா பாரு" என்றுதான் ஆள் ஓடும். எதிர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டு வாத்தியாரும் எழுந்து லைட்டைப் போடுவார்.