போவலன்னு சொன்னேன்

பெரிப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பேச்சை நான் எழுதி, அது ஒரு சிறு இதழில் அச்சாகி வந்தபோது, அவர் பேரன்தான் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிச்சுக் காட்டினான். நானும் பக்கத்தில் இருந்தேன். பெரிப்பா நாலு நல்ல வார்த்தை சொல்வார்ன்னு எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், அதை மறைப்பானேன். ரெண்டாவது பக்கத்தில் ஒரு வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னாடா படிச்ச? திரும்பப் படி."

"'மோளத்த எடுத்துக்கினு எழவு வூட்டுக்குப் போவலாம்னு சொன்னேன்.' அப்டித்தான் போட்ருக்குது தாத்தா."

பெரிப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் அப்டி சொல்லலியேப்பா" என்றார். "போவலன்னு சொன்னேன்."

ஒரு எழுத்தில் என்ன இருக்கு என்று கேட்கலாம். அது 1982. எங்க சனம் பாகூர்ப் பக்கம் ஒரு ஊரின் சேரியில் இருந்த காலம். ஊரில் பண்ணைக்காரர் வீட்டில் சாவு. வழக்கம்போல மோளத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சேரியில் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள். பெரிப்பாவுக்கு அப்போ 36 வயசு. அடிக்கிறவர்களில் அவர்தான் முதல் ஆள். அவர் வாயில் என்ன வருதோ அதுதான் முடிவு. அன்னைக்கு யாரும் போகவில்லை. அதுக்கப்புறம் மூணு மாசம் நடவுக்கும் கூப்பிடவில்லை, களைக்கும் கூப்பிடவில்லை. வரப்பில் நடக்க விடவில்லை. கடையில் கடன் இல்லை. மறு வருசம் எங்க குடும்பம் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு அரியாங்குப்பம் வந்து காலனியில் குடிசை போட்டது. நான் பொறந்தது இங்கே. நான் படிச்ச எம்.ஏ. தமிழும் ஒரு வகையில் அந்த 'போவல'விலிருந்து வந்ததுதான்.

அதைத்தான் நான் 'போவலாம்' என்று அச்சில் ஏத்தினேன். போதாததுக்கு ஒரு முன்னுரை வேற. மூத்த தலைமுறை பணிந்து போகச் சொன்னது, இளைஞர்கள் கலகம் செய்தார்கள் என்று.

அந்தக் கேசட் 1996-ல் பதிஞ்சது. நைனா அப்போ காலனியில் அம்பேத்கர் பேரில் இரவுப் பள்ளி நடத்திக்கிட்டிருந்தார். பாடம் முடிஞ்ச பிறகு பெரியவங்களை உட்கார வெச்சுப் பேசச் சொல்லி டேப்பில் பிடிச்சிருக்கார். அவர் போன பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவில் 11 கேசட் கிடைச்சது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தையில் பழைய டேப் ஒண்ணு வாங்கி, கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏத்தினேன். கேட்டு எழுதினது மட்டும் நடைபாதையில் வாங்கின இயர்போனில். அட்டையில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெரிசா போட்டிருந்தது. சினிமாப் பாட்டுக்கு ஜோராத்தான் இருந்தது.

பெரிப்பா அந்தப் பதிவில் சும்மா பேசவில்லை. மோளத்தை மடியில் வெச்சுக்கிட்டு நடுநடுவே தட்டிக் காட்டிக்கிட்டே பேசுறார். (நாம் மேடையில் 'பறை' என்கிறோம். அவர் வாயில் அது எப்பவும் மோளம்தான்.) 'போவல' என்று சொல்லும்போதே ஒரு அடி விழுது. அந்த இயர்போன் அடியின் கீழ்ச் சத்தத்தை ஊதிப் பெருக்கி, அடங்க விடாமல் 'ம்ம்' என்று இழுத்தது. அந்த ரீங்காரத்தை நான் மகரமெய் என்று கேட்டேன். 'போவலன்னு' என்பது 'போவலாம்னு' ஆகிவிட்டது.

தமிழில் மறுப்பு சொல்லின் வாலில் இருக்கு. வரலாம், வரல. செய்யலாம், செய்யல. தலையும் உடம்பும் ஒண்ணுதான், வால்தான் வேற. பேச்சில் வாலை மெல்ல விழுங்குவதும் நம்ம வழக்கம். மெய்யெழுத்துகளைப் பிரிச்சுக் காட்டும் நுணுக்கமான ஒலி பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கு. மோளத்தின் கனமான அடி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே. கீழ்ச் சத்தத்தை ஊதுகிற கருவி மேலே இருக்கிற மெல்லிசான ஒலியை மூடிவிடும். மூடிய இடத்தை நம்ம மூளை தனக்குத் தெரிஞ்சதைப் போட்டு நிரப்பிக்கும். எனக்குத் தெரிஞ்சது என்ன? கெழவனுங்க பணிவானுங்க, படிச்சவன் கலகம் பண்ணுவான் என்கிற கதை. இயர்போன் பாதிப் பொய் சொன்னது, மீதியை நான் சொன்னேன்.

மைக்செட் வாடகைக்கு விடும் சிநேகிதன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்டே புலம்பினேன். "காது மேல டப்பாவ கவுத்து வெச்சிக்கினா அப்டித்தான் இருக்கும். முதுகு தொறந்தது வாங்கு" என்றான். ஓபன் பேக் ஹெட்போன். எனக்குப் புரியாததைப் பார்த்து, சுவரில் மாட்டியிருந்த மோளத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினான். "ஒரு பக்கந்தான தோலு? பின்னால இன்னா இருக்குது? ஒண்ணுமில்ல. அத்த அடச்சிப் பாரு, சத்தம் செத்துடும்."

விஷயம் அவ்வளவுதான். ஹெட்போனுக்குள் இருக்கிற சவ்வு முன்னாலும் பின்னாலும் ஒலி எழுப்புது. பின்பக்கம் மூடியிருந்தால் அந்த ஒலி கிண்ணத்துக்குள்ளேயே முட்டித் திரும்பி, முன்னால வர்றதோடு கலந்து ஒருவித குடத்துச் சத்தம் உண்டாகலாம். நல்ல கம்பெனிகள் இதைப் பஞ்சும் துளையும் வெச்சுச் சரி செய்வார்கள். மலிவுச் சரக்கில் அது நடக்காது. பின்பக்கம் வலையோ துளையோ இருந்தால் அந்த ஒலி வெளியே போய்விடும். பேச்சு காதுக்குள் அடைபடாமல் கொஞ்சம் தள்ளி எதிரில் இருந்து வர்ற மாதிரி இருக்கும். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி எச்.டி. 414 என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. இந்த வகையில் முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள். இதுக்கு விலையும் உண்டு. அடி ஆழத்துக் கனம் குறையும். உள் சத்தம் வெளியே போகும், வெளிச் சத்தம் உள்ளே வரும்.

சிநேகிதனிடம் ஒண்ணு, சென்னையில் ஒலிப்பதிவு வேலை செய்யும் தோழர்களிடம் கடனாக மூணு. கேசட்டின் அதே ஒண்ணரை நிமிசத்தை நாலிலும் திரும்பத் திரும்பக் கேட்டேன். கையில் காசு எண்ணி வாங்குகிற நம்ம ஆட்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

காஸ் போர்ட்டா புரோ. 1984-ல் வந்த அமெரிக்க மாடல், இன்னும் அதே உருவத்தில் வருது. காதுமேல் பஞ்சு, மடிச்சுப் பையில் போட்டுக்கலாம். களப்பணிக்குத் தோது. திறந்த வகையிலேயே இதில் கீழ்ச் சத்தம் கூடுதல். மோளம் அழகாக விழுந்தது. 'போவல'வா 'போவலாம்'மா என்பது இன்னும் கொஞ்சம் மங்கல்தான். பாட்டுக்குத் தாராளமாக வாங்கலாம்.

காஸ் கே.எஸ்.சி. 75. நாலிலும் விலை குறைஞ்சது. தலைப்பட்டை இல்லை, காதுமடலில் கொக்கி மாதிரி மாட்டணும். பார்க்க விளையாட்டுச் சாமான். மேல் ஒலி இதில் தெளிவு. 'ன்னு' என்பதின் ரெண்டு னகரம் இதில்தான் எனக்கு முதலில் தனித்தனியாகக் கேட்டது. உடம்பெல்லாம் வேர்த்துப்போச்சு. கொக்கி நேரமானால் காதை வலிக்கும். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சூப்பர்லக்ஸ் எச்.டி. 668 பி. தைவான் கம்பெனி. இது பாதி திறந்தது. மேல் ஒலி கூர்மை அதிகம் என்று பேர் எடுத்தது. அந்தக் கூர்மை மெய்யெழுத்தைக் கத்தி மாதிரி வெட்டிக் காட்டுது. கூடவே கேசட்டின் 'உஸ்' இரைச்சலையும் தூக்கிக் கொடுக்குது. அரை மணிக்கு மேல் தலை வலிக்கும். சந்தேகமான ஒரு வரியைச் சோதிக்க வெச்சுக்கலாம், முழுக் கேசட்டை எழுத முடியாது.

பிலிப்ஸ் எஸ்.எச்.பி. 9500. கேசட் என்கிற சாமானையே 1963-ல் கொண்டுவந்த கம்பெனி. பெரிய கிண்ணம், காதைச் சுத்தி உட்காரும், துணி மெத்தை. நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு இது பெரிய உதவி. ஒயர் தனியாகக் கழலும், அறுந்தால் ஒயரை மட்டும் மாத்தலாம். அடி ஆழத்தில் கனம் குறைவு. அதுதான் எனக்கு வேணும். மோளம் ஒரு இடத்தில், பெரிப்பா குரல் ஒரு இடத்தில். வலக்கையின் அடிக்குச்சி வேற, இடக்கையின் சிம்புக்குச்சி வேற என்று கேட்டது. ரெண்டுக்கும் நடுவில் 'போவலன்னு'. ஐயமே இல்லை. 29 வருசமாக அது அங்கேயேதான் இருந்திருக்கு.

ஒரு வாரக் கூலிக்கு மேல் போட்டுப் பழசாக ஒண்ணை வாங்கிக்கிட்டேன். நாலையும் ஆம்பிளிபயர் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓபன் பேக்கைப் பத்தி எழுதுகிறவர்கள் எல்லாம் ஒரு அறிவுரை சொல்கிறார்கள்: அமைதியான அறையில் கேளுங்கள். அமைதியான அறை யாரிடம் இருக்கு? எங்க வீடு ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டிவி. ஆடி மாசம் முழுக்க நாலு திசையிலும் ஸ்பீக்கர். கடலூர் ரோட்டு பஸ் ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஆரன் அடிக்கும். விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து கேட்டேன். அந்த நேரத்தில்தான் காலனி கொஞ்சம் ஓய்கிறது. அஞ்சு மணிக்குக் கொழாயடியில் குடம் உருண்டால் முடிஞ்சது. சத்தமில்லாத நேரமும் ஒரு சொத்துதான், நிலம் மாதிரி. அதுவும் நமக்குப் பிரிச்சுக் கொடுக்கப்படவில்லை.

திறந்த ஹெட்போனின் குற்றமே எனக்கு வேறொண்ணைக் கொடுத்தது. திருத்தத்தைக் காட்டலாம் என்று பெரிப்பா வீட்டுக்கே எடுத்துப் போனேன். நான் மாட்டிக்கிட்டு ஓட விட்டேன். வெளியே கசிஞ்ச சத்தம் பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டிருக்கு.

"யாரது? பெரிம்மாவா?" என்றார்.

கழட்டி அவர் தலையில் மாட்டினேன். அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் வாங்கி நானும் கேட்டேன். 'போவலன்னு சொன்னேன்' என்பதுக்குப் பின்னால், தூரத்தில், அடுப்படியில் இருந்து ஒரு பொம்பளைக் குரல்: "நாந்தான் போவாதன்னேன்." அது பெரிம்மா. செத்து ஒம்பது வருசம் ஆகுது. நைனாவின் டேப் பெரிப்பாவைப் பார்த்து வெச்சது, பெரிம்மா ஓரத்தில் மாட்டிக்கிட்டா. நான் பலதரம் கேட்டும் அந்தக் குரலை இரைச்சல் என்று தள்ளியிருந்தேன்.

"ஆமாப்பா. அவதான் மொதல்ல சொன்னா. மோளத்த பரண் மேல தூக்கிப் போட்டதும் அவதான்" என்றார் பெரிப்பா. இதை 1996-லும் அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

எம்.ஏ. வகுப்பில் பாடபேதம் என்று ஒரு பாடம் உண்டு. ஓலையில் புள்ளி வைக்கிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. அதனால் ஒரு சொல்லை ரெண்டு மூணு விதமாகப் படிக்கலாம். உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ச் சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, எந்தப் பாடம் சரி என்று முடிவு பண்ணினார்கள். எங்க காலனியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அரிக்கமேடு. 1945-ல் வீலர் தோண்டின இடம். அங்கே கிடைச்ச பானைச் சில்லில் கீறின தமிழ் பிராமி எழுத்தையும் அறிஞர்கள் உருப்பெருக்கி வெச்சுப் படித்தார்கள். செய்ய வேண்டிய வேலைதான், குறை சொல்லவில்லை. உடைஞ்ச பானைக்குக் கொடுத்த அந்தப் பொறுமையை உசுரோடு இருக்கிற பெரிப்பாவுக்கு நான் கொடுத்தேனா?

இதே புதுச்சேரிப் பக்கத்துக் கிராமத்துக் கூலிப்பெண் வீரம்மா, ஜோசியான் ராசினிடம் வருசக்கணக்காகத் தமிழில் சொன்ன வாழ்க்கைக் கதை 1995-ல் பிரெஞ்சில் புத்தகமாச்சு, 1997-ல் ஆங்கிலத்தில் வந்தது. அதே காலத்தில்தான் நைனாவும் டேப்பை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்து, நம்ம பேச்சு அப்படியே அச்சேறலாம் என்று காட்டியிருந்தது. அப்படியே என்பதுதான் கஷ்டம். அதுக்குக் காது வேணும், நேரம் வேணும், கொஞ்சம் காசும் வேணும். எழுதினதைத் திரும்பச் சொன்னவரிடமே போய்ப் படிச்சுக் காட்டணும். எந்த ஹெட்போனும் அதைச் செய்யாது. பெரிப்பாவின் பேரன் செய்தான்.

வாக்குமூலம் சேகரிக்கப் போகும் தோழர்களுக்கு: ரெக்கார்டருக்குச் செலவு பண்ணுறீங்க, கேட்கிற கருவிக்கும் ஒதுக்குங்க. கே.எஸ்.சி. 75 போதும், முடிஞ்சால் 9500. 'பேஸ்' என்று அட்டையில் கத்துகிற எதையும் இந்த வேலைக்கு வாங்காதீங்க. ஒரு வரி உங்க கொள்கைக்கு ரொம்பப் பொருத்தமாக விழுந்தால் அந்த வரியை மூணு தரம் கேளுங்க.

அடுத்த இதழுக்குத் திருத்தம் அனுப்பினேன். 'போவலாம்' என்பதை 'போவல' என்று படிக்கவும் என ஒரு வரி போதும் என்றார்கள். முன்னுரையும் தப்பு, பெரிம்மா பேச்சும் சேரணும் என்று சொல்லி முழு வாக்குமூலத்தையும் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னும் வரவில்லை. மிச்சம் பத்துக் கேசட் இருக்கு. அதில் மூணை நான் ஏற்கெனவே எழுதி அச்சுக்கும் கொடுத்தாச்சு. அதில் பேசினவர்களில் இப்போ ஒருத்தர்தான் இருக்கார். நாளைக்கு அவர் வீட்டுக்குப் போகணும்.