மாடி வேண்டுமா?

2015 டிசம்பர் மழையில் எங்கள் கொரட்டூர் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மூட்டுவலிக்காரியான என் மனைவியை எதிர்வீட்டு மாடிக்குத் தாங்கலாக ஏற்றிவிட்டோம். அன்று முதல் மகன், "மாடி கட்டணும்ப்பா" என்கிறான்.

எங்களுடையது செங்கல் வீடல்ல. முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திய பழைய தரைத்தள வீடு. பார்க்க வந்த இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "சார், இது தன் கூரையைத்தான் தாங்கும். மேலே ஏத்தினா இணைப்பு தாங்காது."

1968-இல் லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18-ஆவது மாடியில் கேஸ் வெடித்து ஒரு சுவர்ப் பலகை பெயர்ந்ததும் அந்த மூலையே சரிந்தது. நால்வர் இறந்தார்கள். அதுவும் இப்படிப் பலகை சேர்த்துக் கட்டியதுதான்.

அவர் சொன்ன வழி வேறு. வீட்டுக்கு வெளியே தனி அஸ்திவாரம், தனித் தூண்கள். பழைய கூரையில் பாரம் இறங்காமல் அதற்கு மேலே புதுத் தளம். செலவைக் கேட்டு மகனே சற்று நேரம் பேசவில்லை.

"கட்டுங்க, ஆனா படி யாருக்கு?" என்றாள் மனைவி.

படி 6 அங்குலத்துக்கு மேல் உயரக்கூடாது, இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும் என்று வரைபடத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.