குழாய்க்குள் குடிகொண்ட காற்று

நீர் வராத குழாய் நமக்குப் புதிதன்று. கோடையில் கிணறு வற்றும், மின்சாரம் நிற்கும், மோட்டார் எரிந்துபோகும். இவற்றின் காரணம் வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மாடியிலே தொட்டி நிறைய நீர் இருக்க, குழாயில் உடைப்போ அடைப்போ இல்லாதிருக்க, திறந்துவிட்ட குழாயிலிருந்து ஒரு சொட்டும் விழாமல் நிற்கும் நிலை ஒன்று உண்டு. 'ஏர் பிடித்துக்கொண்டது' என்று தொழிலாளர் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத காற்று எவ்வாறு கனமான நீரைத் தடுத்து நிறுத்தும் என்று கேட்டால், அவர்களுள் பலர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். சென்ற ஆண்டு இந்தக் காற்று நம் இல்லத்தில் ஏழு நாள் குடியிருந்தபடியால், அதன் இயல்பைச் சற்று விரிவாகவே அறியும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இப்போது சிற்றூர்களிலும் வீட்டுக்கு வீடு மேல்தொட்டி வந்துவிட்டமையால், வாசக அன்பர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் உள்ள மாகறல் நம் ஊர். இவ்வட்டாரம் நீரை ஆளத் தெரிந்த வட்டாரம் என்று சொன்னால் அது வெறும் ஊர்ப்பெருமை ஆகாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெயர் பெற்றவை. அவற்றில் ஏரிகளைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் என ஒரு குழு அமைத்த செய்தியும் இருக்கிறது. நம் முன்னோர் ஏரிக்குள் அமைத்த நீர்ப்போக்கிகளுள் ஒன்றுக்குக் குமிழித் தூம்பு என்று பெயர். நீரையும் குமிழியையும் சேர்த்தே நினைத்த மக்கள் அவர்கள்.

பின்னாளில் கவலை ஏற்றம் போய் ஆயில் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்தபோது, காற்றின் தொல்லையும் கூடவே வந்தது. நம் தலைமுறையினருக்கு அது நன்கு நினைவிருக்கும். விடியற்காலையில் மோட்டாரைப் போட்டால் அது ஓடும், நீர் வராது. கிணற்றுக்கு அடியில் இருக்கும் புட்வால்வின் தோல் தேய்ந்து, இரவெல்லாம் நீர் கசிந்து இறங்கி, பம்பின் வயிறு முழுதும் காற்றாகியிருக்கும். அந்தப் பம்பின் சக்கரம் நீரைச் சுழற்றி வீசத்தான் அமைந்தது. காற்று நீரைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு இலேசானது. அதைச் சுழற்றிப் பயனில்லை. ஆகவே மூடியைத் திறந்து, குடம் குடமாக நீர் ஊற்றி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு மூடி, மோட்டாரை ஓட்டுவோம். கசிவு மிகுந்தால் நீரோடு சாணத்தைக் கரைத்து ஊற்றுவதும் உண்டு. அது வால்வின் சந்துகளில் படிந்து சிறிது நேரம் அடைத்துக் கொள்ளும். இணைப்புகளில் காற்று வாங்கினால் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றுவோம். படித்த பொறியாளர் இவற்றை ஏற்பாரோ மாட்டாரோ, பயிர் பிழைத்தது.

பம்பு நீரை 'இழுக்கிறது' என்று நாம் சொல்வது பேச்சு வழக்கே. உண்மையில் பம்பு தன் வாயிலுள்ள காற்றை அகற்றிக் கொடுக்கிறது. கிணற்று நீரின்மேல் அழுத்திக் கிடக்கும் வெளிக்காற்றுத்தான் நீரை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு ஓர் எல்லை உண்டு. நீரேற்றும் குழாய்கள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வேலை செய்வதில்லை என்பதைக் கலிலேயோ 1638இல் வெளிவந்த தம் நூலில் குறித்தார். காரணம் காற்றின் எடையே என்று 1644இல் தொரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு விளக்கினார். பாஸ்கல் 1648இல் தம் மைத்துனரை மலையுச்சிக்கு அனுப்பி அதை உறுதிப்படுத்திக் கொண்டார். அந்த எல்லை நீரின் கணக்கில் ஏறத்தாழ 34 அடி. நடைமுறையில் 25 அடிக்கு மேல் நம்ப முடியாது. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க நம் உழவர்கள் மோட்டாரையே கிணற்றுக்குள் திட்டுக்குத் திட்டு இறக்கி வைத்தது இதனால்தான். தொரிசெல்லியின் பெயரை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி நம் இல்லத்துச் செய்திக்கு வருவோம். நம் மாமியாருக்கு வயது எண்பத்திரண்டு. பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்தபின், அவர் நம்மோடு இருக்கிறார். அவருக்கென்று வீட்டின் பின்புறத்தில் படியில்லாத கழிவறையும் குளியலறையும் கட்டினோம். கைப்பிடிக் கம்பி, இடக்கைக்கு எட்டும் உயரத்தில் குழாய், எல்லாம் அமைந்தன. அதற்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கியிருந்தோம். ஓராண்டாகப் பிறர் கையை எதிர்பார்த்திருந்த அந்த மூதாட்டி, தாமே குழாயைத் திறந்து கால் கழுவிக்கொண்ட நாளில் அடைந்த மகிழ்ச்சி பெரிது. வயது முதிர்ந்தோர்க்கு உணவைவிட மானம் பெரிது என்பதை அன்று கண்டோம்.

இரண்டு மாதம் குறையின்றி நடந்தது. பிறகு ஐப்பசி மழையில் ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. தொட்டி அடிவரை வற்றிற்று. மின்சாரம் வந்து தொட்டியை நிரப்பியபின் சமையலறைக் குழாயில் நீர் வந்தது. பின்புறக் குழாயில் வரவில்லை. வேலை செய்த பிளம்பரை அழைத்தோம். அவர் குழாயைத் தட்டிப் பார்த்தார். வாயால் ஊதிப் பார்த்தார். "உள்ளே அடைத்துக்கொண்டது ஐயா. தரையை உடைத்துப் புதுக்குழாய்தான் போடவேண்டும்" என்றார். கூலியும் பொருளும் சேர்த்து 18,000 ரூபாய் என்று கணக்குச் சொன்னார். நம் மாமியார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முதல் அவர் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொண்டதை நம் துணைவியார்தான் முதலில் கவனித்தார். காரணம் கேட்டபோது, "எத்தனை முறைதான் நீ வாளி தூக்குவாய்?" என்று மட்டும் சொன்னாராம்.

ஏழாம் நாள், வயல் மோட்டார்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் வேறொரு வேலையாக வந்தார். செய்தியைக் கேட்டதும் அவர் குழாயைத் தொடவில்லை. அது செல்லும் வழியை மட்டும் சுற்றி வந்து பார்த்தார். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் தரைக்கு ஓரடி மேலே சுவரோடு ஓடுகிறது. சமையலறையின் வெளிக்கதவு குறுக்கிடுவதால் எட்டடி உயரத்துக்கு ஏறி, நிலைக்கு மேலாகச் சென்று, மீண்டும் ஓரடிக்கு இறங்குகிறது. பின்கட்டுக் கதவிலும் அவ்வாறே ஏறி இறங்குகிறது. கடைசியில் குளியலறையில் மூன்றடி ஏறிக் குழாய்முனையை அடைகிறது. "இரண்டு கூனலிலும் காற்று உட்கார்ந்திருக்கிறது ஐயா. எதையும் உடைக்க வேண்டாம்" என்றார்.

அவர் சொன்ன கணக்கு இது. தொட்டி நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் தரையிலிருந்து 15 அடி. அது ஓரடி உயரத்துக்கு இறங்குவதால் கிடைக்கும் பலம் 14 அடி. முதல் கதவில் 7 அடி ஏறவேண்டும். அப்பால் இறங்கும்போது, குழாய் நிறைய நீர் இருந்தால் அந்த 7 அடியும் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் இறங்கும் கால் முழுதும் காற்று நின்றால், இலேசான காற்றுக்கு எடையேது? ஏறியதற்கான செலவு செலவாகவே நிற்கும். இரண்டாம் கதவில் இன்னுமொரு 7 அடி. குளியலறையில் 3 அடி. ஆக வேண்டியது 17, கையிலிருப்பதோ 14. நீர் நின்றுவிட்டது. தொட்டி வற்றியபோது உயர்ந்த வளைவுகளிலிருந்து நீர் வடிந்து காற்று புகுந்துகொண்டது. தாழ்ந்த பகுதிகளில் தங்கிய நீரோ தாழ்ப்பாள்போல் அக்காற்றை இருபுறமும் அடைத்துவிட்டது. அப்படியானால் முதல் இரண்டு மாதம் எவ்வாறு வந்தது என்று கேட்டோம். குழாய் போட்ட அன்று, கசிவு பார்ப்பதற்காக மோட்டாரை நேரே இணைத்து அழுத்தத்தோடு நிரப்பியிருப்பார்கள். அதில் காற்று முழுதும் வெளியேறியிருக்கும் என்றார். அவ்வாறுதான் செய்தார்கள் என்பது நம் நினைவுக்கு வந்தது.

அவர் செய்த வைத்தியம் அரைமணி நேரமும் ஆகவில்லை. மோட்டாருக்கு அருகில் தோட்டத்துக்கு நீர்விடும் குழாய்முனை ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயைக் கொண்டுவந்து, குளியலறைக் குழாயின் வாயில் மாட்டி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். மாடிக்கு ஏறும் வால்வை அடைத்தார். இல்லையேல் மோட்டாரின் பலமெல்லாம் தொட்டிக்கே போய்விடும். மற்றக் குழாய்கள் யாவற்றையும் மூடச் சொன்னார். மோட்டாரை ஓட்டியதும் நீர் பின்புறத்திலிருந்து எதிர்வழியாக ஏறத் தொடங்கிற்று. நம் இளைய மகன் மாடியில் நின்று தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடித்துளையிலிருந்து பானை கொதிப்பதுபோல் பெருங்குமிழிகள் கிளம்பினவாம். குமிழி அடங்கி, தெளிந்த நீர் மட்டும் பொங்கிய பிறகும் இரண்டு நிமிடம் விட்டு வைத்தார். பின்னர் குளியலறைக் குழாயை முதலில் மூடி, அதன் பிறகே மோட்டாரை நிறுத்தினார். முறை மாறினால் காற்று திரும்பவும் புகுமாம். ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டு, "அம்மா, நீங்கள் வந்து திறந்து பாருங்கள்" என்று நம் மாமியாரையே அழைத்தார்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து இடக்கையால் திறந்தார். நீர் விழுந்த வேகத்தில் சேலை நனைந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. கூலியாக எவ்வளவு வற்புறுத்தியும் அம்முதியவர் 200 ரூபாய்க்கு மேல் வாங்கவில்லை.

இது மீண்டும் நேராதிருக்க அவர் சொன்ன உபாயம் எளியது. இரு வளைவுகளின் உச்சியிலும் ஒரு 'டீ' வைத்து, அதிலிருந்து அரையங்குலக் குழாயைச் சுவரோடு மேலே கொண்டுபோய், தொட்டியின் விளிம்பைவிட ஓரடி உயரத்தில் திறந்த வாயோடு விட்டுவிட வேண்டும். வாயை மட்டும் கீழ்நோக்கி வளைத்து, பூச்சி புகாமல் வலை கட்டவேண்டும். நீர் தன் மட்டத்துக்கு மேல் ஏறாதாகையால் அக்குழாய் வழிவதில்லை. காற்று மட்டும் அவ்வழியே போய்விடுகிறது. புதிதாக வீடு கட்டுவோர் குழாயைக் கதவுக்கு மேல் ஏற்றாமல், தொட்டியிலிருந்து முனைவரை இறங்குமுகமாகவே கொண்டுபோனால் இந்தச் செலவும் இல்லை. ஆனால் சுவரின் அழகைப் பார்க்கும் அளவுக்கு நீரின் வழியை யார் பார்க்கிறார்கள்?

நம் மைத்துனர் மகள் குடும்பத்தோடு ஜெர்மனியில் இருக்கிறாள். இச்செய்தியைக் கைப்பேசியில் சொன்னபோது அவள் வியந்தாள். அவள் வீட்டிலும் அதே குளிர்காலத்தில் இதே காற்று வேறுவிதமாய் விளையாடியிருந்தது. அங்கே பல வீடுகளில் தரைக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களைச் சுருள் சுருளாகப் பதித்து, 35 முதல் 45 பாகை வரை சூடேற்றிய நீரை ஓடவிட்டு அறையைக் கதகதப்பாக்குகிறார்கள். அறைக்கொரு சுருளாகப் பிரித்து, எல்லாவற்றின் முனைகளையும் ஒரு பெட்டிக்குள் வரிசையாக இணைத்திருப்பார்கள். ஒரு சுருளில் காற்று நின்றுவிட்டால் அந்த அறைமட்டும் சில்லிட்டுக் கிடக்கும். அவளுடைய குழந்தை உறங்கும் அறைக்கு அது நேர்ந்தது. அவர்கள் செய்யும் வைத்தியமும் நம் முதியவர் செய்ததேதான். மற்றச் சுருள்களையெல்லாம் அடைத்துவிட்டு ஒன்றைமட்டும் திறந்து, ஒருமுனையில் ஊர்க்குழாயின் அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி, மறுமுனையிலிருந்து ஒரு குழாயை வாளி நீருக்குள் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை விடுகிறார்கள். பிறகு அடுத்த சுருள். எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்தால் நீர் எளிய வழியிலேயே போய்விடும். காற்றுள்ள சுருள் அப்படியே கிடக்கும். நீர் விரைந்து ஓடினால்தான் குமிழியை அடித்துக்கொண்டு போகும் என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

அவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்ந்த நீரில் காற்று மிகுதியாகக் கரைந்திருக்கும். சூடேற ஏறப் பிரிந்து வரும். ஒரு லிட்டர் நீரில் கரையும் ஆக்சிஜன் 0 பாகையில் 14.6 மில்லிகிராம்; 30 பாகையிலோ 7.6 மில்லிகிராம்தான். அடுப்பில் வைத்த பாத்திரத்தில், கொதிப்பதற்கு வெகு முன்பே பக்கங்களில் சிறு முத்துக்கள் ஒட்டுவதைத் தாய்மார்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அவை நீராவி அல்ல, கரைந்திருந்த காற்று. எனவே புதுநீர் நிரப்பிய சில நாட்களுக்குப் பின்னும் ஒருமுறை காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கிறதாம்.

காற்றைப் பகையாக மட்டும் சொல்லிவிடுவதும் முறையன்று. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் கம்ப்ரசர் வைத்துக் காற்றை வேண்டுமென்றே உள்ளே செலுத்துகிறார்கள். குமிழி கலந்த நீர் இலேசாகி, சுற்றியுள்ள கனத்த நீரால் மேலே தள்ளப்பட்டு, விட்டு விட்டுப் பீறிக்கொண்டு வெளிவருகிறது. ஓர் இடத்தில் நீரைத் தடுப்பது இன்னோர் இடத்தில் அதைத் தூக்கிவிடுகிறது.

இப்போது நம் வீட்டில் காற்றுக்குழாய்கள் இரண்டும் கூரைக்கு மேல் நிற்கின்றன. தொட்டியில் நீர் அடியை நெருங்கும்போது அவற்றுள் ஒன்று கொட்டாவி விடுவதுபோல் ஓர் ஓசை எழுப்பும். அது நம் மாமியாரின் அறைச் சுவரோடு செல்வதால் முதலில் கேட்பவர் அவரே. கட்டிலில் இருந்தபடியே, "மாப்பிள்ளை, தொட்டி காலியாகிறது. மோட்டாரைப் போடுங்கள்" என்று குரல் கொடுப்பார்.