ஆட்டுக்கொம்பும் நேர்க்கொம்பும்

கிராவல் சைக்கிள் வாங்கினப்பவே தங்கமணி கேட்டாங்க, "இந்த வயசுல ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார் தேவையா?"ன்னு. கேக்கலையே! ஆறே மாசத்துல கழுத்து பிடிச்சுக்கிச்சு.

சரின்னு நேர் ஹேண்டில்பார் வாங்கினேன். நடுப்பகுதி ரெண்டுலயும் 31.8 மி.மீ., ஸ்டெம்ல கச்சிதமா உக்காந்துச்சு. ஆனா கைப்பிடிக் குழாய் பழசுல 23.8, புதுசுல 22.2. பிரேக்கும் கியரும் சேர்ந்த பழைய லிவர் சேராது. கியருக்குப் பொருத்தமான ஷிஃப்டர் வாங்கிட்டு, பிரேக்குக்கு மட்டும் கஞ்சத்தனமா வீட்டுல கிடந்த வி-பிரேக் லிவரை மாட்டினேன்.

அங்கதான் வினை. அது கேபிளை நிறைய இழுக்கும். என் வண்டியோட கேபிள் டிஸ்க் பிரேக்குக்குக் கம்மியா இழுக்கிற லிவர்தான் வேணும். இல்லன்னா பிடி இருக்காது. தெருமுனையில நாய் குறுக்க வந்தப்போ, எவ்வளவு அழுத்தியும் வண்டி நிக்கல... நாய் தப்பிச்சுது, நான் சுவத்துல.

இப்போ சரியான லிவர் போட்டாச்சு. கழுத்தும் நிமிர்ந்துடுச்சு. தங்கமணியைத்தான் நிமிர்ந்து பாக்க முடியல :-)