டீசல் புல்லட்

புல்லட் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே அதன் கம்பீரமான ஒலியும் நம் நினைவுக்கு வரும். அவ்வண்டி இங்கிலாந்தில் பிறந்தது, தமிழகத்தில் வளர்ந்தது. 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தொடங்கப்பெற்றது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த புல்லட்டுகள் இராணுவத்திலும் காவல் துறையிலும் பல்லாண்டுகள் உழைத்தன. அவை பெட்ரோலில் ஓடியவை. ஆயினும், அதே புல்லட்டின் உடலில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, ‘டாரஸ்’ என்னும் பெயரில் அந்நிறுவனமே விற்ற காலமும் ஒன்று இருந்தது. 1990களில் அவ்வண்டியைக் கள்ளக்குறிச்சிச் சாலைகளில் நான் கண்டிருக்கிறேன்.

டீசலை நாடியதற்குக் காரணம் யாது? சிக்கனமே ஆகும். அந்நாளில் பெட்ரோலைவிட டீசலின் விலை மிகக் குறைவு. மேலும், பெட்ரோல் புல்லட் ஒரு லிட்டருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி ஓடும். டீசல் வண்டியோ ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடும். வயலில் ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைத்துப் பழகிய உழவர்க்கு டீசல் புதிய பொருளும் அன்று. ஆகவே, பழைய பெட்ரோல் புல்லட் வைத்திருந்தோர் சிலர், “நம் வண்டியையும் இவ்வாறு மாற்றிக்கொண்டால் என்ன?” என்று எண்ணத் தலைப்பட்டனர்.

கள்ளக்குறிச்சியில் எனக்குப் பழக்கமான பட்டறை ஒன்று இருந்தது. மாலை வேளைகளில் அங்குச் சென்று, பெரியவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் இளமைக் கால வழக்கம். ஒரு நாள் கல்வராயன் மலையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பழைய புல்லட் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். மலையூர்களில் கடுக்காயும் புளியும் வாங்கி வந்து கீழே விற்பது அவர் தொழில். அவ்வண்டி அவர் தந்தை விட்டுச் சென்ற ஒரே உடைமை. அதன் எஞ்சின் தேய்ந்து, புகை கக்கிக்கொண்டிருந்தது.

“ஐயா, சின்ன டீசல் எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. அதை இதில் வைத்துத் தாருங்கள். பெட்ரோலுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை” என்றார் அவர்.

பெரியவர் உடனே விடை கூறவில்லை. பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒன்றையும், டீசல் எஞ்சினின் நாசில் ஒன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “தம்பி, இது நெருப்புப் பொறி தரும், அது எண்ணெயைத் தூவும். அதில் நெருப்பே இல்லை. பிறகு எப்படி எரிகிறது என்று நினைக்கிறாய்?” என்று வினவினார். இளைஞர் விழித்தார், நானும் விழித்தேன்.

மாணவர்களே, நீங்கள் மிதிவண்டிக்குக் காற்றடித்திருப்பீர்கள். விரைந்து அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். அழுத்தப்படும் காற்று சூடேறும் என்பது இயற்கை நியதி. இந்நியதியைக் கொண்டே ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் ஒரு புதிய எஞ்சினை வகுத்தார். 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் அதனை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். அவ்வகைச் சிறிய எஞ்சின்களில் பிஸ்டன் காற்றை ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குகிறது. அக்காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அந்நேரத்தில் நாசில் டீசலைப் பனிபோல் தூவுகிறது. தூவிய மாத்திரத்தில் அது பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் புல்லட்டின் எஞ்சினோ காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை ஏழில் ஒரு பங்கு அளவுக்கே நெருக்கும். எரிப்பதற்கு ஸ்பார்க் பிளக்கின் பொறி வேண்டும்.

இவ்வொரு வேறுபாட்டிலிருந்து பிற வேறுபாடுகள் யாவும் கிளைக்கின்றன. பேரழுத்தத்தைத் தாங்க வேண்டுவதால் டீசல் எஞ்சினின் சுவர் கனமாதல் வேண்டும்; வண்டியின் எடை கூடும். டாரஸின் எடை ஏறத்தாழ 196 கிலோ. டீசல் எஞ்சின் விரைந்து சுழலாது. நிமிடத்துக்கு 3600 சுற்றே டாரஸின் எல்லை. ஆதலின், பெட்ரோல் எஞ்சினுக்கு வகுத்த பல்சக்கர அளவு அதற்குப் பொருந்தாது. அதனை மாற்றுதல் வேண்டும். அதிர்வு மிகுதியாதலால் எஞ்சினைத் தாங்கும் பிடிகளையும் வலுப்படுத்துதல் வேண்டும். கார்புரேட்டருக்கு வேலை இல்லை. அதன் இடத்தில் டீசலை அளந்து செலுத்தும் பம்பு வேண்டும். இவ்வாறு ஓர் உறுப்பை மாற்றப் புகுந்தவன் ஒன்பது உறுப்புகளை மாற்ற நேரிடுகிறது.

இவற்றையெல்லாம் பொறுமையுடன் விளக்கிய பெரியவர் இறுதியாக, “நீ இதை எங்கே ஓட்டப்போகிறாய்?” என்று கேட்டார்.

“கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு” என்றார் இளைஞர்.

“அப்படியானால் கேள். பெட்ரோல் புல்லட்டுக்கு 18 குதிரைத்திறன். டாரஸுக்கு ஆறரைதான். சமவெளியில் அது உன்னைக் காப்பாற்றும். மலையில் உன்னையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு அது மாடுபோல் மூச்சு வாங்கும். இறங்கும்போதோ கூடின எடையைப் பிரேக் தாங்க வேண்டும். மேலும், போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி இன்றி எஞ்சினை மாற்றினால் அது சட்டத்துக்குப் புறம்பு. விபத்து நேர்ந்தால் உனக்கு யார் துணை?” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. கல்வராயன் மலைத்தொடர் 2000 அடி முதல் 3000 அடி வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் உயர்ந்து நிற்பது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக ஒருவர் தம் விருப்பம்போல் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது.

வேலை வேண்டாம் என்று எந்தப் பட்டறைக்காரரும் எளிதில் கூறமாட்டார். இளைஞர் கேட்டபடி செய்திருந்தால் பெரியவருக்குப் பல நாள் வேலையும் நல்ல கூலியும் கிடைத்திருக்கும். அதனை விடுத்து, பழைய எஞ்சினையே குறைந்த செலவில் பழுதுபார்த்து, கூலியைத் தவணையாகப் பெற்றுக்கொள்ள இசைந்தார் அவர். சில நாட்களுக்குப் பின் மூட்டைகளுடன் மலையிலிருந்து இறங்கி வந்த அவ்வண்டியை நான் கண்டேன். அதே பட்டறைக்கு மாட்டுத்தீவன வணிகர் ஒருவரின் டாரஸும் வருவதுண்டு. சின்னசேலத்துக்கும் சங்கராபுரத்துக்கும் சமவெளிச் சாலையில் நாள்தோறும் சென்று வந்த அவருக்கு அவ்வண்டி நல்ல துணையாகவே இருந்தது. ஒருவருக்கு நன்மையானது மற்றொருவருக்குத் துன்பமாயிருக்கும் என்பதை அன்று நான் அறிந்துகொண்டேன்.

டாரஸின் காலம் நீடிக்கவில்லை. அது ஆற்றலில் குறைந்தது, புகையில் மிகுந்தது. வாகனப் புகைக்கு விதிகள் கடுமையானபோது அதற்கு இடமில்லாது போயிற்று. 2000ஆம் ஆண்டளவில் அதன் உற்பத்தி நின்றது. டீசல் புகை புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டில் அறிவித்தது. ஊர்தி உடையவர் பெறும் சிக்கனத்தின் விலையை, சாலையில் நடப்போர் தம் மூச்சால் கொடுப்பது முறையாகுமா?

இன்று பழைய வண்டிகளில் பேட்டரியும் மின் மோட்டாரும் பொருத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அவை புகையைக் குறைக்கும் நல்முயற்சிகளே. ஆயினும், பெரியவரின் வினாக்கள் இன்றும் பழையன ஆகவில்லை. புதிய உறுப்பின் இயல்பை அறிந்தோமா? அதற்கேற்பப் பிற உறுப்புகளை மாற்றினோமா? செல்லும் வழிக்கு அது பொருந்துமா? சட்டம் அதற்கு இசைகிறதா? மாற்றம் செய்ய முனைவோர் யாவரும் இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே திருகுச்சாவியைக் கையில் எடுத்தல் வேண்டும். செய்யத் தெரிதல் கைத்திறன்; எது செய்யத் தக்கது, எது தகாதது என்று தெரிதலே அறிவு. கைத்திறனும் அறிவும் ஒருங்கே பெற்றவரே சிறந்த தொழிலாளர் ஆவர்.