போல்ட்டை ஜெயித்த துடைப்பக்குச்சி!

உங்களை ஒரு போல்ட் அழ வைத்திருக்கிறதா? என்னை அழ வைத்திருக்கிறது. காதல் தோல்வி இல்லை, அரியர் இல்லை... வெறும் 19 எம்.எம். தலையோடு துருப்பிடித்துக் கிடந்த ஒரே ஒரு போல்ட்!

இடம்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. நேரம்: ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. மெஷின்கள் எல்லாம் ஓய்வு. கன்வேயருக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் கன்னத்தை வைத்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். கையில் ரிங் ஸ்பானர். கண்ணெதிரே, ஆயில் ஒழுகும் கியர்பாக்ஸ். அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டில் மூன்று கழன்றுவிட்டன. நாலாவது மட்டும் சுவர் ஓரமாக ஒளிந்துகொண்டு, 'நீ யாருடா?' என்பதுபோல என்னை முறைக்கிறது.

நான் கவரைப்பேட்டை பையன். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் என்ஜினீயரிங் காலேஜ்தான் ஞாபகம் வரும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. உட்கார இடம் தேடுவதற்குள் இறங்கிவிட வேண்டியதுதான்!

எங்கள் மெயின்டனன்ஸ் செக்‌ஷனில் எல்லோரும் 'நைனா' என்று கூப்பிடும் சீனியர் ஃபிட்டர் ஒருவர் உண்டு. அந்த மாசக் கடைசியில் ரிட்டயர்மென்ட். நான்தான் அவருடைய கடைசி அப்ரண்டிஸ். இந்தப் பெருமையோடுதான் அந்த போல்ட்டோடு மல்லுக்கு நின்றேன்.

ரிங் ஸ்பானர் அசையவில்லை. சுத்தியலால் தட்டலாம் என்றால் ஓங்க இடமில்லை. காற்றில் ஓடும் இம்பாக்ட் கன் அந்த இடுக்கில் நுழையவே நுழையாது. கேஸ் வைத்துச் சூடு பண்ணலாமா? பக்கத்திலேயே கியர் ஆயில். வேற வினையே வேண்டாம்!

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. சாக்கெட்டில் ராட்செட்டை மாட்டி, அதன் கைப்பிடியில் ஒரு ஜி.ஐ. பைப்பைச் செருகினேன். இழுக்கப் போன நேரம், காலைப் பிடித்து என்னை யாரோ வெளியே இழுத்தார்கள். நைனா!

"இன்னா தம்பி பண்றே?"

"லீவரேஜ் நைனா... நீளம் கூடினா பலம் கூடும்ல?"

அவர் பதில் சொல்லவில்லை. வலது கையை விரித்துக் காட்டிவிட்டு மூடினார். நாலு விரல் மடங்கியது. நடுவிரல் மட்டும் மடங்காமல் நட்டமாக நின்றது.

"இருபது வருஷம் ஆச்சு. வேற கம்பெனி. இதே மாதிரி ராட்செட், இதே மாதிரி பைப். உள்ளாற பல்லு உடைஞ்சுது. கை போயி தூண்ல அடிச்சுது. அன்னிலேந்து இந்த விரலு மொறைச்சிக்கினேதான் கீது."

ஒன்றரை வருஷமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் அப்படி என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

பிறகு பொறுமையாகச் சொல்லித் தந்தார். ராட்செட்டின் தலைக்குள் சின்னச் சின்னப் பற்களும் அவற்றைப் பிடிக்கும் கொக்கியும் இருக்கின்றன. லூஸான போல்ட்டைச் சரசரவென்று சுற்றி எடுக்கத்தான் அது. இறுகிப்போன போல்ட்டின் முதல் பிடியை உடைப்பதற்கு வேறு ஆள் இருக்கிறார். அவர் பெயர் பிரேக்கர் பார். பல்லும் கிடையாது, கொக்கியும் கிடையாது. ஒரு கம்பி, அதன் முனையில் மடங்கும் தலை, தலையில் சாக்கெட் மாட்ட ஒரு சதுரக் கட்டை. அவ்வளவுதான். உடைவதற்கு உள்ளே பாகம் எதுவும் இல்லாததால்தான் அதற்கு அத்தனை தெம்பு!

"எங்க செக்‌ஷன்ல ஒண்ணு இருந்துது, எவனோ இஸ்துகினு போய்ட்டான். நீயே ஒண்ணு வாங்கிக்க. ஃபிட்டருக்கு சொந்த டூல்ஸ் வேணும்."

அடுத்த நாளே ரயில் ஏறி சென்னை, பாரிமுனை, செம்புதாஸ் தெரு! ஹார்டுவேரும் டூல்ஸும் வாங்க நம்மவர்கள் போகும் தெரு. 'பிரேக்கர் பார்' என்று கேட்டதும் முதல் கடைக்காரர் முழித்தார். அடுத்த கடையில், "ஃபிளெக்ஸ் ஹேண்டிலா தம்பி?" என்று எடுத்துப் போட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. இருந்ததிலேயே நீளமானது எதுவோ அதை வாங்கினேன். 24 இன்ச்! ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வாள் வாங்கிய ராஜா மாதிரி பந்தாவாக உட்கார்ந்து வந்தேன்.

அடுத்த ஞாயிறு. கன்வேயருக்கு அடியில் மறுபடி நான். சாக்கெட்டை மாட்டி, பாரைத் திருப்பினால்... 'டங்!' சுவரில் முட்டியது. இந்தப் பக்கம் திருப்பினால் கன்வேயர் கால். மொத்தத்தில் அந்த இடுக்கில் என் வாளை உறையிலிருந்து உருவவே முடியவில்லை! ஃபோர்மேன் குனிந்து பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் நான் கட்டிங் செட் வெச்சு அறுத்துக்கறேன், விடு" என்று சொல்லிவிட்டுப் போனார். செமத்தியான பல்பு. கண்ணில் தண்ணீர் வந்தது அப்போதுதான்.

நைனா திட்டவில்லை. மூலையில் கிடந்த தென்னந்துடைப்பத்திலிருந்து மூன்று குச்சிகளை உருவிக் கொடுத்தார்.

"கடைக்குப் போறதுக்கு முன்னாடி இடத்தைக் கேக்கணும் தம்பி. இடம்தான் சொல்லும் இன்னா டூல் வேணும்னு."

முதல் குச்சியை போல்ட்டின் நடுவிலிருந்து சுவர் வரை வைத்து ஒடித்தேன். பதினாறரை இன்ச். இதற்கு மேல் நீளம் போனால் முட்டும்.

இரண்டாவது குச்சி உயரத்துக்கு. போல்ட் உட்கார்ந்திருக்கும் மட்டத்திலிருந்து மேலே இருக்கும் தகடு வரை. மூன்றே இன்ச். சாக்கெட்டும் பாரின் தலையும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும். நடுவில் எக்ஸ்டென்ஷன் போட வழியே இல்லை.

மூன்றாவது குச்சியை 'வ' போல மடக்கினேன். பார் எவ்வளவு தூரம் சுழல முடியும் என்பதற்கு. 45 டிகிரி இருக்கும்.

மூன்று குச்சியையும் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாலிடெக்னிக்கில் பரீட்சைக்காகப் படித்ததை முதல்முறையாக வாழ்க்கைக்காகப் போட்டேன் என்று சொல்லலாம். நம்ம போல்ட் எம்-12 சைஸ், 8.8 கிரேடு. அதை முறுக்க வேண்டிய அளவே சுமார் 80 நியூட்டன் மீட்டர். 24 இன்ச் பார் என்றால் 14 கிலோ அழுத்தம் போதும். 10 இன்ச் குட்டி பார் என்றால் 33 கிலோ வேண்டும். அதுவும் புது போல்ட்டுக்கு! துருப்பிடித்ததற்கு ஒன்றரை மடங்கோ, இரண்டு மடங்கோ ஆகலாம். படுத்துக்கொண்டு ஒரு கையால் அறுபது கிலோ அழுத்த நான் என்ன ஜிம் பாடியா? ஆக, ரொம்பக் குட்டியும் வேலைக்காகாது. இடம் கொடுக்கிற வரைக்கும் நீளம். 15 இன்ச்! அதில் சுமார் 21 கிலோ. துருவுக்கு ஒன்றரை மடங்கு என்றாலும் 32 கிலோ. ரெண்டு கையால் இழுத்தால் முடியும்.

உலகத்தையே நெம்புவேன், ஆனால் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று ஆர்க்கிமிடீஸ் கேட்டதாகச் சொல்வார்கள். எங்கள் மெயின்டனன்ஸ் பசங்களின் பிரச்னையும் அதேதான். நெம்புகோல் கடையில் கிடைக்கும், இடம்தான் கிடைக்காது!

மறுபடி செம்புதாஸ் தெரு. அதே கடை. இந்த முறை குச்சிகளை எடுத்து கவுன்டரில் வைத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார்!

முதலில் டிரைவ், அதாவது அந்தச் சதுரக் கட்டை. 3/8 இன்ச் டிரைவின் தலை சின்னது, இடுக்கில் சுலபமாக நுழையும். மனசு அதன் பக்கம் சாய்ந்தது. ஆனால் சதுரத்தின் பக்கம் குறைந்தால், அது தாங்கும் முறுக்கு அதைவிட வேகமாகக் குறையும். அரை இன்ச் தாங்குவதில் பாதிகூட 3/8 தாங்காது. என் மூன்று இன்ச் குச்சியில் அரை இன்ச் டிரைவே அடங்கியது. முடிந்தது விஷயம்.

அடுத்து தலை. மடங்கும் இடத்தில் லொடலொட என்று ஆடுவது வேண்டாம். வைத்த கோணத்தில் நிற்கிற அளவுக்காவது டைட்டாக இருக்க வேண்டும். கைப்பிடியைக் கொஞ்சம் சாய்த்தால் விரல் முட்டி தரையில் உரசாது. ரொம்பச் சாய்த்தால் சாக்கெட் நழுவிவிடும்.

அப்புறம் சாக்கெட். என்னிடம் இருந்தது பன்னிரண்டு முனை. துருப்பிடித்த போல்ட்டின் தலையை அது உருட்டிவிடும் அபாயம் உண்டு. ஆறு முனை சாக்கெட் தட்டையான பக்கங்களைப் பிடிக்கும். ஆனால் ஆறு முனையை 60 டிகிரிக்கு ஒருமுறைதானே மாற்றி மாட்ட முடியும்? எனக்கு இருப்பதோ 45. என் முகம் போன போக்கைப் பார்த்து கடைக்காரர் சிரித்தார். "சாக்கெட்டை பாரிலிருந்து கழட்டி, கால் சுத்து திருப்பி மாட்டிப் பாருங்க தம்பி." அட! சதுரம் 90, முனை 60. இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டினால் 30 டிகிரிக்கு ஒரு பிடி கிடைக்கிறது. வாத்தியார் சொல்லாத பாடம்!

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் மெஷினை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டுவிட்டு, போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். ஞாயிறு காலை நைனா பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அதுதான் கடைசி ஞாயிறு.

"தள்ளாதே, இழு. தள்ளினா நழுவும்போது கை சுவத்துல போவும். வெடுக்குனு இழுக்காதே. மெதுவா, உடம்பு வெயிட்டைக் குடு."

இழுத்தேன். இன்னும் இழுத்தேன். பார் லேசாக வளைவது உள்ளங்கையில் தெரிந்தது. பயம் வந்தது. அப்புறம்...

'டக்!'

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அதன் சுகம். நைனா ஒன்றும் சொல்லவில்லை. மடங்காத அந்த விரலால் என் தோளில் ரெண்டு தட்டு தட்டினார்.

ஆயில் சீல் மாற்றினோம், கியர்பாக்ஸைத் திரும்ப உட்கார வைத்தோம். புது போல்ட் போட்டு, அதே ஜோரில் பிரேக்கர் பாராலேயே முறுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது கழட்ற டூலு. முறுக்கறதுக்கு டார்க் ரெஞ்ச். ஊர்ல நடந்தது மறந்து போச்சா?"

மறக்குமா? 2024 அக்டோபர் 11 ராத்திரி. மெயின் லைனில் போக சிக்னல் வாங்கி வந்த மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், எங்கள் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பலருக்குக் காயம், நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. தண்டவாளம் பிரியும் இடத்தில் பாகங்களை யாரோ கழற்றியதுதான் காரணம் என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. அந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் ஊரில் 'நட்டு கழண்ட கேஸ்' என்று யாராவது ஜோக் அடித்தால் எனக்குச் சட்டென்று சிரிப்பு வருவதில்லை.

டார்க் ரெஞ்ச்சை எடுத்து 80-ல் வைத்து முறுக்கினேன். 'கிளிக்.' நைனா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

அவர் இப்போது வீட்டில். போன வாரம் புதுசாக ஒரு அப்ரண்டிஸ் வந்திருக்கிறான். கன்வேயருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "அண்ணே, நீளமா ஒரு பைப் கிடைக்குமா?" என்றான்.

நான் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டான், பாவம்!