அகலக் கால்

பாறை ஏறுவது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்பார்கள். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கான ஷூ விரல்களை ஒன்றாகக் குவித்து இறுக்க வேண்டும். அப்போதுதான் சின்ன விளிம்பிலும் கால் நிற்கும். என் கால் குவியாது. முன்பாதம் விரிந்து, விரல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். பத்து வயசில் காட்டுப்பாக்கம் வரும்வரை வெறுங்கால்தான். எங்க ஆளுங்க ஊர்த்தெருவுக்குள்ள செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுப் போகணும். அப்புறம் எதுக்குச் செருப்பு என்பார் தாத்தா.

சென்னைக் கடைகளில் ஏறி இறங்கினேன். நீளம் சரியென்றால் அகலம் நசுக்கும். அகலம் சரியென்றால் குதிகால் லொடலொடக்கும். "உங்க காலு நார்மலா இல்ல சார்" என்றான் ஒரு கடைப்பையன்.

எது நார்மல்? இங்கே புழங்கும் ஷூ அளவுகள் வெள்ளைக்காரன் காலுக்குப் போட்டவை. அடையாற்று மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் லட்சம் பேருக்கு மேல் கால் அளந்தது. நம் கால்கள் பொதுவாக அவர்களுடையதைவிட அகலம் என்று தெரிந்தது.

எனக்கு வழி சொன்னவர் பூந்தமல்லியில் செருப்பு தைக்கும் பெரியவர். "தோலு இளகும் தம்பி, ரெக்சின் இளகாது. உள்துணி இல்லாத தோல் ஷூவா, லேஸ் வச்சதா பாரு. சாயங்காலம் கால் வீங்கினப்புறம் போட்டுப் பாரு." அப்படித்தான் கிடைத்தது.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைக்கிறவர்களில் நம் சனமும் உண்டு. அவர்கள் காலுக்கும் சேர்த்து அச்சுக்கட்டை வெட்டட்டும். அளந்து வைத்த கணக்கு கடைத்தெருவுக்கு வரட்டும்.